பார்த்திபன் கனவு – கப்பம் கட்டாத ராஜாவும் ஒரு குடும்பப் படமும்

தமிழில் சரித்திரப் படம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கட்டபொம்மனின் மீசைதான். அடுத்தது நாடோடி மன்னன், வஞ்சிக்கோட்டை வாலிபன்... இப்போது பொன்னியின் செல்வன். இந்த வரிசையில் நிறையப் பேர் மறந்துவிட்ட படம் ஒன்று உண்டு. 1960ல் வெளிவந்த "பார்த்திபன் கனவு". (2003ல் கரு. பழனியப்பன் இயக்கத்தில் ஸ்ரீகாந்த், சினேகா நடித்து வந்த படத்துக்கும் இதுதான் பெயர். ஆனால் இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இணையத்தில் தேடினால் பாதி நேரம் அந்தப் படம்தான் வந்து நிற்கும்!)

கல்கியின் நாவலை வைத்து டி. யோகானந்த் இயக்கிய படம் இது. ஜூபிளி பிலிம்ஸ் தயாரிப்பு. இளவரசன் விக்கிரமனாக ஜெமினி கணேசன், பல்லவ இளவரசி குந்தவியாக வைஜயந்திமாலா, சக்கரவர்த்தி நரசிம்மவர்மனாக எஸ்.வி. ரங்காராவ். இசை வேதா. ஏ.எம். ராஜாவும் பி. சுசீலாவும் சேர்ந்து பாடிய காதல் பாட்டு ஒன்று இன்றைக்கும் வானொலியில் ஒலிக்கிறது. படத்தைப் பார்க்காதவர்களுக்கும் அந்தப் பாட்டு தெரிந்திருக்கும். 1960ஆம் வருடப் படங்களுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் என்று ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது இதற்குத்தான். அதே வருடம் "பாதை தெரியுது பார்", "களத்தூர் கண்ணம்மா" ஆகியவையும் போட்டியில் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

படத்துக்குள் போகும் முன் கொஞ்சம் பூகோளம். செய்யூரிலிருந்து கடலை ஒட்டி வடக்கே போனால் பாலாறு கடலில் சேரும் இடம் வரும். அதைத் தாண்டினால் வயலூர், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், அப்புறம் மாமல்லபுரம். தெற்கே போனால் இடைக்கழிநாடு, ஆலம்பரைக் கோட்டை, மரக்காணம். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்களுக்கு இதெல்லாம் உப்பளமும் கழிமுகமும் சவுக்குத் தோப்பும்தான். ஆனால் இது ரொம்பப் பழைய எல்லைப்புறம். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். அவர் பாடிய நல்லியக்கோடனின் ஓய்மாநாடு இந்தப் பக்கத்திலிருந்துதான் தெற்கே விரிகிறது. எயிற்பட்டினம், கிடங்கில் என்று அவர் சொல்லும் ஊர்கள் தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் நடுவில் உள்ளவை. வடக்கே காஞ்சியில் ஒரு ராஜா, தெற்கே உறையூரில் ஒரு ராஜா, நடுவில் இந்த மண். மாமல்லபுரத் துறைமுகத்தில் இறங்கி உறையூருக்குப் போகிற யாரும் பாலாற்றைக் கடந்து இந்த வட்டாரத்தையோ இதற்கு மேற்கே உள்ள காட்டையோ தாண்டித்தான் போக வேண்டும். பார்த்திபன் கனவின் பின்பாதி முழுக்க அப்படிப்பட்ட ஒரு பயணம்தான்.

இனி கதை. வாதாபியை வென்று திரும்பிய நரசிம்ம பல்லவனுக்கு உறையூர்ச் சோழன் பார்த்திபன் கப்பம் கட்ட மறுக்கிறான். சோழ நாடு அப்போது கையகல நாடு. ஜெயிக்க முடியாது என்று தெரிந்தேதான் போருக்குப் போகிறான். போவதற்கு முன் தன் சின்னஞ்சிறு மகன் விக்கிரமனை ஒரு சித்திர மண்டபத்துக்கு அழைத்துப் போய், ரகசியமாகத் தானே வரைந்த படங்களைக் காட்டுகிறான். புலிக்கொடி பறக்கும் கப்பல்கள், கடல் கடந்த வெற்றிகள்... அதுதான் பார்த்திபனின் கனவு. வெண்ணாற்றங்கரைப் போரில் அவன் விழுகிறான். உயிர் பிரியும் நேரத்தில் ஒரு சிவனடியார் வந்து, உன் மகனை வீரனாக வளர்ப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறார். வளர்ந்த விக்கிரமன் கொடியை உயர்த்துகிறான். சித்தப்பன் மாரப்ப பூபதி காட்டிக் கொடுக்கிறான். பிடிபட்டவனை பல்லவர்கள் கப்பலேற்றி நாடு கடத்துகிறார்கள். செண்பகத் தீவில் அவனை ராஜாவாக்குகிறார்கள். ஆனாலும் தாயையும் குந்தவியின் முகத்தையும் மறக்க முடியாமல் ரத்தின வியாபாரி தேவசேனன் என்று வேஷம் போட்டுக்கொண்டு மாமல்லபுரத்தில் வந்து இறங்குகிறான். அப்புறம் காடு, கொள்ளையர், காட்டாற்று வெள்ளம், கபாலிகர்கள், நரபலி. கடைசியில் அந்தச் சிவனடியாரே நரசிம்மவர்ம சக்கரவர்த்திதான் என்று தெரிகிறது. (அறுபது வருடத்துக்கு மேல் ஆன படம், எண்பது வருடத்துக்கு மேல் ஆன நாவல். ரகசியத்தை உடைத்ததற்காக யாரும் கோபிக்க வேண்டாம்.)

இந்தக் கதை எழுதப்பட்ட காலத்தைப் பார்த்தால்தான் அந்தக் கப்பத்துக்கு அர்த்தம் புரியும். 1941ல் கல்கி தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். அதே வருடம் ஆனந்த விகடனை விட்டு விலகி, டி. சதாசிவத்தோடு சேர்ந்து "கல்கி" பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கான பணத்தில் ஒரு பகுதி எம்.எஸ். சுப்புலட்சுமி "சாவித்திரி" படத்தில் நாரதர் வேஷம் கட்டிச் சம்பாதித்தது. புதுப் பத்திரிகை நிற்க வேண்டுமானால் ஜனங்கள் அடுத்த இதழுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்காக 1941 முதல் 1943 வரை தொடராக எழுதியதுதான் பார்த்திபன் கனவு. வெள்ளைக்காரனின் சிறையிலிருந்து வந்தவர், கப்பம் கட்டமாட்டேன் என்று சாகிற ராஜாவின் கதையை எழுதுகிறார்! இதே கல்கியின் கதையில் எடுத்த "தியாகபூமி" படத்துக்கு (1939) அரசாங்கம் தடை போட்டிருந்தது. நேராகச் சொன்னால் தடை வரும். ஏழாம் நூற்றாண்டுக்குத் தடை போட முடியுமா?

ஆனால் அதே கதை படமாக வந்தது 1960ல். வெள்ளைக்காரன் போய்ப் பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது. கல்கியும் 1954 டிசம்பரில் காலமாகிவிட்டார். ஒரு வருடம் முன்பு, 1959ல், "வீரபாண்டிய கட்டபொம்மன்" வந்து வரி, வட்டி, கிஸ்தி எல்லாவற்றையும் சிவாஜியின் குரலில் தமிழ்நாடு முழுக்க முழங்க வைத்திருந்தது. இரண்டு படத்துக்கும் ஆரம்பப்புள்ளி ஒன்றே: பெரியவன் கேட்கும் பணத்தைச் சின்னவன் தர மறுக்கிறான். ஆனால் முடிவைப் பாருங்கள். கட்டபொம்மனுக்குத் தூக்குக் கயிறு. விக்கிரமனுக்கு எதிரியின் மகளோடு கல்யாணம்!

இங்கேதான் "குடும்பத்தோடு பார்க்கக்கூடிய படம்" என்பதன் முழு ரகசியமும் இருக்கிறது. இந்தக் கதையில் ஜெயித்தவன் கெட்டவன் இல்லை. தோற்றவனும் கெட்டவன் இல்லை. நாட்டைப் பிடித்த சக்கரவர்த்தியே காவி கட்டிக்கொண்டு வந்து, தான் கொன்ற ராஜாவின் மகனைத் தகப்பன் மாதிரிப் பார்த்துக்கொள்கிறார். குழந்தைகள் பயப்படாமல் தூங்கலாம். பெரியவர்களுக்கும் யார் பக்கம் என்று தேர்ந்தெடுக்க வேண்டிய தொல்லை இல்லை. கோபத்தை எல்லாம் மாரப்ப பூபதி தலையிலும் கபால பைரவர் தலையிலும் போட்டுவிடலாம். ரொம்ப சாமர்த்தியமான ஏற்பாடு. கொஞ்சம் யோசித்தால் உறுத்துகிற ஏற்பாடும்கூட. பார்த்திபன் கேட்டது சுதந்திரம். மகனுக்குக் கிடைத்தது ஒரு நல்ல மாமனார். நாவலின் கடைசியில் சோழ நாடு தனி நாடாக விடப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் அது வாங்கிய சுதந்திரம் இல்லை, சீராகக் கொடுத்த சுதந்திரம். 1942ல் அந்தத் தொடரைப் படித்தவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

வெளிநாட்டிலும் இந்த ரகப் படங்கள் உண்டு. ஜான் ஃபோர்டு 1939ல் எடுத்த "டிரம்ஸ் அலாங் த மொஹாக்" அதற்கு நல்ல உதாரணம். வால்டர் எட்மண்ட்ஸ் 1936ல் எழுதிய நாவலை வைத்து எடுத்தது. ஹென்றி ஃபோண்டாவும் கிளாடெட் கோல்பர்ட்டும் புதுசாகக் கல்யாணமான ஜோடி. அமெரிக்க சுதந்திரப் போர்க் காலத்தில் எல்லைப்புறக் காட்டில் குடிசை போட்டுக் குடியேறுகிறார்கள். குடும்பம், விவசாயம், கோட்டை, முற்றுகை எல்லாம் உண்டு. அங்கே ஹீரோ சாதாரணக் குடியானவன், இங்கே இளவரசன். நம்மூர்க் கதையில் எல்லைப்புறக் குடியானவன் யார் என்றால் ஓடக்காரன் பொன்னனும் அவன் பெண்சாதி வள்ளியும்தான். நாவலிலேயே உயிரோட்டமான ஜோடி அவர்கள்தான். விக்கிரமனை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவது பொன்னன். நல்ல நியாயம் பேசுவது வள்ளி. ஆனால் ராஜாக்கள் சமாதானமான பிறகு இவர்களுக்கு என்ன மிச்சம்? பழையபடி ஓடம்தான்.

ஃபோர்டின் படத்தில் செவ்விந்தியர்கள் பெரும்பாலும் முகமில்லாத எதிரிகள். காட்டிலிருந்து தீப்பந்தத்தோடு வருவார்கள், சாவார்கள். பார்த்திபன் கனவில் அந்த இடத்தில் நிற்பவர்கள் கபாலிகர்கள். கபால மாலை, பலிபீடம், ரத்தம்... சிறு பிள்ளைகள் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும் கட்டம் அதுதான். ஆனால் பல்லவர் காலத்து நிஜக் கபாலிகர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சாட்சி வேறு மாதிரி இருக்கிறது. நரசிம்மவர்மனின் தகப்பனார் மகேந்திரவர்மனே எழுதிய "மத்தவிலாசப் பிரகசனம்" என்ற வடமொழி நாடகத்தில் ஒரு கபாலிகன் வருகிறான். சத்தியசோமன் என்று பெயர். காஞ்சிபுரத் தெருவில் தன் தோழியோடு குடித்துவிட்டுத் தள்ளாடுகிறான். கையிலிருந்த மண்டையோட்டைத் தொலைத்துவிட்டு ஒரு பௌத்த பிட்சுதான் திருடிவிட்டார் என்று சண்டை போடுகிறான். கடைசியில் பார்த்தால் அதை ஒரு நாய் தூக்கிப் போயிருக்கிறது! ஒரு ராஜா கேலி செய்து சிரிக்கிற அளவுக்குத்தான் அவர்கள் ஊருக்குள் இருந்திருக்கிறார்கள். நாவலுக்கு ஒரு பூதம் தேவைப்பட்டது. மகேந்திரனின் குடிகாரனை எடுத்துக் கல்கி பூதமாக்கினார். கதைக்கு அது பொருந்துகிறது. சரித்திரத்துக்கு அது கொஞ்சம் அநியாயம்.

சரி, மற்ற சரித்திரம்? பார்த்திபன், விக்கிரமன் என்று ஏழாம் நூற்றாண்டில் யாரும் இருந்ததாகக் கல்வெட்டோ செப்பேடோ இல்லை. அது கல்கியின் கற்பனை. பெயர்களைக்கூட அவர் முன்னூறு வருடம் பின்னாலிருந்து எடுத்து வந்திருக்கிறார். குந்தவி ராஜராஜனின் அக்கா பெயர். விக்கிரமனின் தாய் அருள்மொழித் தேவி. அருள்மொழி என்பது ராஜராஜனின் இயற்பெயர். எதிர்காலத்தின் பெயர்களைக் கடந்த காலத்துக்குச் சூட்டிப் பார்த்திபனின் கனவைப் பாத்திரங்களின் பெயரிலேயே ஒளித்து வைத்த மாதிரி இருக்கிறது.

சோழர்கள் அப்போது சிறு தலைவர்களாக ஒடுங்கிக் கிடந்தார்கள் என்பது மட்டும் உண்மை. நரசிம்மனின் பாட்டன் சிம்மவிஷ்ணு காலத்திலேயே காவிரிக்கரை பல்லவர் கைக்குப் போய்விட்டது. திருச்சி மலைக்கோட்டையில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயிலின் கல்வெட்டு, சிவபெருமான் அந்த மலைமேலிருந்து சோழர் நாட்டையும் காவிரியையும் பார்ப்பதாகப் பேசுகிறது. உறையூர் அந்த மலையடியில்தான் இருக்கிறது. தன் ஊர் மலையில் இன்னொரு ராஜா கோயில் குடைந்து தன் பெயரை வெட்டுகிறான். கீழே நின்று பார்க்கிற சோழனுக்கு எப்படி இருந்திருக்கும்! பார்த்திபன் இல்லாமல் இருக்கலாம். அந்த வயிற்றெரிச்சல் யாருக்கோ இருந்திருக்கும்.

நரசிம்மவர்மன் பற்றி ஆதாரம் ஏராளம். ஏறத்தாழ 630 முதல் 668 வரை ஆண்டவன். 642 வாக்கில் வாதாபியைப் பிடித்தான். அங்கேயே பாறையில் அவன் கல்வெட்டு இருக்கிறது. ஓடுகிற புலிகேசியின் முதுகில் வெற்றி என்ற சொல்லைச் செப்பேட்டில் எழுதுவது போல எழுதினான் என்று கூரம் செப்பேடு வர்ணிக்கிறது. (செப்பேடு எழுதினவனுக்கும் சினிமா வசனம் தெரிந்திருக்கிறது.) மாமல்லன் என்பது அவன் பட்டம், ஊர் பெயரும் அதிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் மாமல்லபுரத்துச் சிற்பம் எல்லாம் அவன் செய்ததா என்பதில் அறிஞர்களிடையே சண்டை உண்டு. எல்லாமே பிற்காலத்து ராஜசிம்மன் வேலை என்று 1962ல் இரா. நாகசாமி ஒரு போடு போட்டார். கடற்கரைக் கோயில் ராஜசிம்மனுடையது என்பதில் மட்டும் தகராறு இல்லை. நாவலிலோ படத்திலோ இதைத் தேடக் கூடாது. கல்கிக்கு மாமல்லபுரம் என்றால் மாமல்லன்தான். ரசிகமணி டி.கே.சி.யோடு அந்தக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் தன் பல்லவர் கதைக்கான காட்சிகள் மனதில் ஓடின என்று அவரே "சிவகாமியின் சபத"த்தின் முன்னுரையில் சொல்லியிருக்கிறார்.

விக்கிரமனின் கதைக்கு நிஜத்தில் ஒரு அண்ணன் இருக்கிறான் என்பதுதான் சுவாரசியம். நாடு இழந்து, கடல் கடந்து, திரும்பி வந்து முடி சூடிய ஒரு இளவரசன் நரசிம்மவர்மனின் சபையிலேயே இருந்தான். மானவர்மன் என்று பெயர். சிங்களவன், இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவன். சாளுக்கியரோடு நடந்த சண்டையில் பல்லவனுக்குப் பக்கபலமாக நின்றான். நன்றிக்கு நரசிம்மவர்மன் கப்பலும் படையும் கொடுத்து அனுப்பினான். முதல் தடவை காரியம் பலிக்கவில்லை. மறுபடி போய்த்தான் சிம்மாசனம் கிடைத்தது. இலங்கையின் மகாவம்சத் தொடர்ச்சி இதை விவரமாகச் சொல்கிறது. திசையை மட்டும் மாற்றிப் பாருங்கள். அவன் தீவிலிருந்து காஞ்சிக்கு வந்தான், விக்கிரமன் மாமல்லபுரத்திலிருந்து தீவுக்குப் போகிறான். வளர்த்துவிடும் சக்கரவர்த்தி இரண்டிலும் ஒருவர்தான்! கல்கி இதை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நரசிம்மவர்மன் நாடிழந்த இளவரசர்களிடம் பிரியம் வைப்பவன் என்பது ஆகாயத்திலிருந்து குதித்த கற்பனை இல்லை.

நாவலைப் படமாக்கியதில் ஒரு பெரிய சங்கடம், அந்தச் சிவனடியார் ரகசியம். எழுத்தில் சடைமுடி, தாடி, கம்பீரமான குரல் என்று சொல்லிவிட்டு ஆளை மறைத்துவிடலாம். தொடரைப் படித்தவர்கள் வாரக்கணக்கில் இவர் யார், யார் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சினிமாவில் எவ்வளவு தாடி ஒட்டினாலும் கண்ணும் குரலும் நடையும் காட்டிக் கொடுத்துவிடும். டிக்கெட் வாங்கியவனுக்கு நடிகர்களை நன்றாகத் தெரியும். ஆக நாவலில் கடைசிவரை இழுத்த முடிச்சு திரையில் சீக்கிரமே தளர்ந்துவிடுகிறது. அதற்குப் பதிலாகப் படத்தைத் தாங்க வேண்டியது காதல். ஜெமினியும் வைஜயந்திமாலாவும் "வஞ்சிக்கோட்டை வாலிபன்" (1958) மூலம் ஏற்கெனவே ஜனங்களுக்குப் பழகிய ஜோடி. சரித்திரப் படம் மெல்ல இளவரசன் இளவரசி படமாகி விடுவது இப்படித்தான். நாவலில் பார்த்திபன் மகனுக்கு விட்டுப் போகும் சொத்து ஒரு பெட்டி. அதில் உடைவாளும் திருக்குறள் சுவடியும் இருக்கும். உயிரைப் பணயம் வைத்து விக்கிரமன் திரும்பி வருவதற்கு அந்தப் பெட்டியும் ஒரு காரணம். வாளும் குறளும் ஒரே பெட்டியில் என்பது கல்கிக்கே உரிய அடையாளம். பாட்டுக்கும் நடனத்துக்கும் நடுவில் அந்தப் பெட்டிக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்?

தமிழின் முதல் சரித்திர நாவல் பார்த்திபன் கனவு என்று அங்கங்கே எழுதுகிறார்கள். அது சரியில்லை. தி.த. சரவணமுத்துப் பிள்ளையின் "மோகனாங்கி" 1895லேயே வந்துவிட்டது. ஆனால் சரித்திர நாவலை வீட்டுக்குள் கொண்டுவந்தது கல்கிதான். தாத்தா படித்துவிட்டுப் பாட்டிக்குக் கொடுக்க, பாட்டி பேத்திக்குக் கதையாகச் சொல்ல, பழைய இதழ்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ. 1999ல் அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆன பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், இணையத்திலும் படிக்கலாம் என்று ஆனது. படம் பார்க்காத தலைமுறை நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறது. 2022லும் 2023லும் மணிரத்னத்தின் "பொன்னியின் செல்வன்" இரண்டு பாகமாக வந்தபோது எல்லாரும் கல்கியின் நாவல் முதன்முதலாகத் திரைக்கு வந்ததுபோலப் பேசினார்கள். "கள்வனின் காதலி" 1955லேயே சிவாஜி, பானுமதி நடித்து வந்துவிட்டது. சரித்திர நாவல் என்று கேட்டாலும் 1960ல் இந்தப் படம் இருக்கிறது.

பார்த்திபனின் கனவு பலித்ததா? நாவலின் கடைசிப் பக்கங்கள், விக்கிரமன் காலத்தில் பலிக்கவில்லை, முன்னூறு வருடம் கழித்து ராஜராஜனும் ராஜேந்திரனும் வந்தபோது பலித்தது என்கின்றன. கப்பல், கடாரம், ஈழம் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் அந்தக் கனவுக்கு இன்னொரு பாதியும் உண்டு. கல்கி அதை அதிகம் பேசவில்லை. 850 வாக்கில் விஜயாலயன் தஞ்சையைப் பிடித்தான். அவன் மகன் ஆதித்தன், பல்லவன் அபராஜிதனைக் கொன்று தொண்டை நாட்டையே எடுத்துக்கொண்டான். இந்தத் தடவை காவியுடுத்தி வந்து யாரும் யாரையும் வளர்க்கவில்லை. ராஜராஜன் காலத்தில் தொண்டை மண்டலத்தின் பெயரே மாறி ஜெயங்கொண்ட சோழ மண்டலம் ஆனது. ஜெயங்கொண்ட என்றால் வெற்றி கொண்ட. காஞ்சியும் மாமல்லபுரமும், பாலாற்றுக்குத் தெற்கே செய்யூர் வட்டாரமும் அதற்குள்ளேதான் வந்தன. கோயிலுக்கு விளக்கெரிக்க நாலு ஆடு தானம் கொடுத்த இந்தப் பக்கத்து மனிதன்கூட அதற்குப் பிறகு கல்வெட்டில் தன் ஊரை ஜெயங்கொண்ட சோழ மண்டலத்து ஊர் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.